புதுப்பிப்பு: மெட்ரோவில் படிக்க ஜாலியான தமிழ்ப் புத்தகம் கிடைத்துவிட்டது

வேலை முடிந்து களைத்து வரும்போது படிக்க, சிரிக்க வைக்கிற தமிழ்ப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள், பெங்களூரில் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலர் சொன்னது தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ்ச் சங்க நூலகத்தில் கிடைத்தது. அருமை! சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா, அசடு வழியும் முகம். அவர் எதையோ உளறுவார், எங்கேயோ தடுக்கி விழுவார். அது நேராகத் திருடனிடம் கொண்டுபோய் விட்டுவிடும். ஊரே மேதை என்று கொண்டாடும். தேவன் 1957-இல் மறைந்துவிட்டார், அந்த நகைச்சுவைக்கு இன்னும் வயதாகவில்லை. பையப்பனஹள்ளியில் ஏறினால் மெஜஸ்டிக் வருவதற்குள் ஒரு கதை முடிந்துவிடுகிறது.

சிலர் சொன்ன பெரிய சரித்திர நாவல்கள் நல்லவைதான். ஆனால் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து பாகம் படிக்க முடியாது. விடுமுறைக்கு வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம், அடுத்தது சுஜாதாவின் கணேஷ்-வசந்த், துப்பறியும் வக்கீல் ஜோடி. சுஜாதா இதே ஊரில் பி.இ.எல்.-இல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் என்பதால் ஆசை கூடுகிறது. முதலில் எந்த நாவலை எடுக்கலாம்?