புதுப்பிப்பு: பார்க்கிங் தண்ணீரும் உறைகிணறும்

சென்னையில் எங்கள் புது அடுக்ககத்தின் மாடி மழைநீரையும் பார்க்கிங் தண்ணீரையும் நிலத்துக்குள் நீரை இறக்கும் ஒரே உறைகிணற்றில் விடலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போது பில்டர் முனகிக்கொண்டே இரண்டுக்கும் குழாயைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்.

மாடித் தண்ணீர் ஜல்லி, மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றுக்குப் போகிறது. மாடி அழுக்கோடு வரும் முதல் மழைத் தண்ணீரை வெளியேற்றத் தனி வால்வு. பார்க்கிங் தண்ணீருக்கு வேறு தொட்டி. நேற்றைய மழைக்கே அதில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம்! இதுவா நிலத்தடி நீரில் கலந்திருக்கும்?

அப்புறம், கிணற்றின் ஆழத்தையும் குறைக்கச் சொன்னோம். அடிப்பகுதி மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் இடையிலுள்ள மண் கொஞ்சமாவது வடிகட்டும். 2003-லேயே மழைநீர் சேகரிப்பு இங்கே கட்டாயம், சரி. எந்தத் தண்ணீரை இறக்குகிறோம் என்று பலர் பார்ப்பதே இல்லை. கிணற்றுக்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க் இருப்பதுதான் இன்னும் இழுபறி.