தொடக்கப் பள்ளியில் கதை வாசிப்பும் எழுத்தும்: விருப்ப வகுப்பை எப்படி நடத்துவது?

கேள்வி: நான்காம் வகுப்பு ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறேன். வரும் கல்வியாண்டிலிருந்து வெள்ளிக்கிழமை பிற்பகலின் கடைசி இரண்டு பாடவேளைகளை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு விருப்ப வகுப்புகளாக ஒதுக்குவதென்று எங்கள் பள்ளியில் முடிவாகியிருக்கிறது. ஓவியம், சதுரங்கம், சிலம்பம் ஆகியவற்றோடு கதை வாசிப்பும் எழுத்தும் ஒரு வகுப்பாக இடம்பெறும். அதை நடத்தும் பொறுப்பை நானே விரும்பிக் கேட்டுப் பெற்றுக்கொண்டேன். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குள்ள கவலைகளைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளிடம் "எதையாவது எழுதுங்கள்" என்றால், கட்டுரையின் உட்தலைப்புகளை வரிசையாகத் தரும் குறிப்புச்சட்டகத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். பசுவைப் பற்றி எழுதச் சொன்னால், வீட்டில் மாடு வளர்க்கும் பிள்ளைகூட "பசு ஒரு வீட்டு விலங்கு, பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு" என்றுதான் தொடங்குகிறது. பெயர் கொடுத்தவர்களில் சிலர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். தமிழக அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகைப்பாட்டில், முதல் இரு நிலைகளான அரும்பு நிலையிலும் மொட்டு நிலையிலும் இருப்பவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை. பிள்ளைகள் பேசுவதுபோலவே எழுதினால் ஏற்றுக்கொள்ளலாமா, எழுத்துப் பிழைகளை என்ன செய்வது என்பதிலும் தெளிவு வேண்டும். இத்தகைய வகுப்பை நடத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்

வணக்கம் டீச்சர். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனமில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். இந்த வகுப்பு யாரையும்விட அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

முதல் சில வாரங்களுக்கு எழுதச் சொல்லவே வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும். ஒரு படக்கதையை முதல் தடவை நிறுத்தாமல், இடையில் கேள்வி கேட்காமல், கடைசி வரை வாசித்துவிடுங்கள். "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்ற கேள்வியை அறவே விட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வியால் கதை பாடமாகிவிடுகிறது. அதே கதையை இரண்டாம் தடவை வாசிக்கும்போது பிள்ளைகள் தாமாகவே குறுக்கிடுவார்கள். படத்தின் மூலையில் நீங்கள் கவனிக்காத பூனையைக் காட்டுவார்கள், அந்தப் பாட்டி ஏன் அப்படிச் சொன்னாள் என்று தங்களுக்குள் வாதிடுவார்கள். எழுத்துக்கான விதை அந்தப் பேச்சில்தான் விழுகிறது.

பசு என்றதும் நீங்கள் எழுதியதைப் போன்ற ஒரு நிகழ்ச்சி எங்கள் வகுப்பிலும் நடந்தது. நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் நீங்கள் சொன்ன அதே வாக்கியத்தைத்தான் எழுதியிருந்தான். அவன் வீட்டு மாடு அந்த வாரம் கன்று ஈன்றிருந்தது எனக்குத் தெரியும். ஏட்டை மூடி வைத்துவிட்டு, "கன்னுக்குட்டி எப்பப்பா எந்திரிச்சு நின்னுச்சு?" என்று கேட்டேன். "ஒடனே நிக்கல சார். முன்னங்கால மடக்கிக்கிட்டே விழுந்துச்சு. அம்மா சாக்க விரிச்சாங்க. அப்பறம் மாடு நக்கி நக்கியே நிக்க வெச்சிருச்சு" என்றான். சீம்பாலை முதலில் யாருக்குக் கொடுத்தார்கள், நஞ்சுக்கொடியை எந்த மரத்தில் கட்டினார்கள் என்று கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. அவன் சொன்னதை அவன் சொன்னபடியே கரும்பலகையில் எழுதினேன். பிறகு அவனையே வாசிக்கச் சொன்னேன். மற்ற பாடங்களில் திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளை, தன் வாயிலிருந்து வந்த வாக்கியங்களைத் தடையின்றி வாசித்தான்.

அரும்பு நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. பிள்ளை சொல்ல, ஆசிரியர் எழுத, பிள்ளை வாசிக்க வேண்டும். நியூசிலாந்தில் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர் இந்த வழியைத்தான் கடைப்பிடித்தார். குழந்தை கேட்கும் சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்து, அந்தச் சொற்களிலிருந்தே வாசிப்பைத் தொடங்கிவைத்தார்.

பேச்சுத் தமிழ் பற்றி என் வகுப்பில் ஒரே ஒரு நெறியைத்தான் வைத்திருக்கிறேன். கதையில் வருபவர்கள் பேசும் இடத்தில் அவரவர் வீட்டில் பேசுவதுபோல எழுதலாம். கதை சொல்பவர் பேசும் இடத்தில், எழுத்துத் தமிழுக்கு மெல்ல மெல்ல மாறிக்கொள்ளலாம். நம் சிறுகதைகளில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்பதால், வாசிக்கும் கதையிலேயே இதைச் சுட்டிக்காட்டிவிடலாம். இரட்டை மேற்கோள் குறிக்குள் "வந்துச்சு" என்றும், வெளியே "வந்தது" என்றும் எழுதுவதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெகு விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள்.

பதில்: பள்ளி நூலகப் பொறுப்பாளர், கோயம்புத்தூர்

புத்தகங்கள் குறித்து மட்டும் சொல்கிறேன். பள்ளிக் கல்வித் துறை நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று வெளியிடும் 'ஊஞ்சல்' இதழைச் சேர்த்து வையுங்கள். அதில் பிள்ளைகளின் படைப்புகளும் வருவதால், தம் வயதுப் பிள்ளை எழுதியதை அவர்கள் அச்சில் பார்க்க முடியும். அதே துறை நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் வகுப்பு போன்ற கலவையான வகுப்புக்கு அந்தப் பிரிப்பு மிகவும் உதவும். குழந்தை நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகத் தரவிறக்கலாம். திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிட்டுக் கொடுப்பதற்கும் தடையில்லை. பள்ளியில் திரையோ புரொஜெக்டரோ இருந்தால், அச்சிடாமலேயே வகுப்பு முழுவதும் ஒரே படத்தைப் பார்த்தபடி வாசிக்கலாம்.

புத்தகங்களைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். ஜன்னல் கம்பிகளுக்கு இடையே கயிறு கட்டி, அட்டைப்படம் வெளியே தெரியும்படி தொங்கவிடுங்கள். முதுகுப்புறம் மட்டும் தெரியும் புத்தகத்தை இந்த வயதுப் பிள்ளை எடுக்காது. கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

பதில்: பெற்றோர், மதுரை

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். நல்ல முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விடுவது குறித்து எனக்கு உண்மையான அச்சம் இருக்கிறது. லகர, ளகர, ழகர வேறுபாடும், ரகர, றகர வேறுபாடும் இந்த வயதில் படியாவிட்டால் பிறகு எப்போது படியும்? தவறாக எழுதிய சொல்லையே பலமுறை எழுதினால் கை அதற்கே பழகிவிடும் அல்லவா? என் மகள் 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதிவிட்டு வருகிறாள். ஆசிரியர் அதைத் திருத்தாமல் "கதை அழகாக இருக்கிறது" என்று மட்டும் எழுதி அனுப்பினால், எனக்கு மகிழ்ச்சியை விடக் கவலைதான் வருகிறது. மேலும், ஆண்டு முடிவில் பிள்ளை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்ள ஏதாவது ஒரு மதிப்பீடு வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

பதில்: ஓய்வு பெற்ற ஆசிரியப் பயிற்றுநர், தஞ்சாவூர்

மதுரையிலிருந்து எழுதிய பெற்றோரின் கவலை நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசக்கூடாது. பிழை திருத்த வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தப் பிழையை, எப்போது திருத்துவது என்பதுதான் கேள்வி. பிள்ளை கதையின் போக்கைத் தேடிக்கொண்டிருக்கும்போது, ஆசிரியர் சிவப்பு மையோடு பக்கத்தில் நின்றால், அடுத்த முறை அது தனக்கு எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே கொண்டு கதை எழுதும். 'நஞ்சுக்கொடி' என்று எழுத அஞ்சி, "பசு பால் தரும்" என்று முடித்துக்கொள்ளும். பிழையற்ற, உயிரற்ற வாக்கியங்கள் நமக்கு இப்படித்தான் கிடைக்கின்றன.

ஆகவே பிள்ளை முதலில் எழுதும் வரைவில் கை வைக்காதீர்கள். பிள்ளை அதைத் தன் பக்கத்தில் இருப்பவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டட்டும். எங்கே கேட்பவருக்குப் புரியவில்லையோ, அங்கே சேர்க்கட்டும். அதன் பிறகு, படியெடுத்து எழுதும் நிலையில், ஒரு கதைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் லகர, ளகரம் என்றால் அது மட்டுமே. பிள்ளை தன் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் தன் சொற்பட்டியலைத் தானே எழுதி வைத்துக்கொள்ளட்டும். 'பள்ளி'யும் 'பல்லி'யும் அங்கே அருகருகே, பக்கத்தில் சிறு படத்தோடு இருந்தால் மறக்காது. ஒற்று மிகும் இடம், மிகா இடம் ஆகியவற்றைத் தொடக்க வகுப்பில் தொட வேண்டாம். நன்கு எழுதும் பெரியவர்களே இலக்கண நூலைப் புரட்டும் இடம் அது.

இனி, எழுதத் தூண்டும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். இத்தாலியில் குழந்தைகளுக்காக எழுதியவரும் 1970-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவருமான ஜானி ரோதாரி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சொற்களை அருகருகே வைத்தால் அங்கே கதை பிறக்கிறது என்று ஆசிரியர்களிடம் விளக்கினார். 'நாய்', 'அலமாரி' என்ற இரு சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றை வெவ்வேறு இணைப்புச் சொற்களால் கோத்துக் காட்டினார். அவர் மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தனியாக வரும் முன்னிடைச்சொற்கள் செய்யும் வேலையை நம் மொழியில் வேற்றுமை உருபுகள் செய்கின்றன என்பதால், இந்தப் பயிற்சி தமிழில் மிக இயல்பாகப் பொருந்துகிறது.

இரண்டு பிள்ளைகளை அழைத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் ஆளுக்கொரு சொல்லைக் கரும்பலகையின் இரு பக்கங்களில் எழுதச் சொல்லுங்கள். 'ஆடு', 'குடை' என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆட்டுக்குக் குடை, ஆட்டின் குடை, குடையில் ஆடு, குடையோடு ஆடு, குடையைத் தின்ற ஆடு. உருபு மாற மாறக் கதையும் மாறுகிறது. 'ஆட்டுக்குக் குடை' என்றால், குடை கேட்டு அடம்பிடித்தது ஆடா, ஆட்டின் மேல் பாசம் வைத்த பிள்ளையா? 'குடையில் ஆடு' என்றால், வெள்ளத்தில் கவிழ்ந்து மிதந்த குடைக்குள் குட்டி உட்கார்ந்திருக்கிறதா? பிள்ளைகள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். நான்காம் வகுப்பில் வேற்றுமை உருபுக்கு இலக்கண வரையறை சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை; 'கு' சேர்த்தபோது ஒரு கதை, 'இல்' சேர்த்தபோது வேறொரு கதை என்று அவர்கள் கண்ணால் கண்டுவிடுகிறார்கள்.

மதிப்பெண் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விருப்ப வகுப்புக்கு மதிப்பெண் வந்தால், அடுத்த நாளே பெற்றோர் கதையைத் தாமே எழுதிக் கொடுத்து அனுப்பத் தொடங்குவார்கள். முன்னேற்றம் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறை வைத்து, எழுதிய எல்லாத் தாள்களையும் தேதியிட்டு அதில் போட்டு வாருங்கள். ஜூன் மாதத் தாளையும் மார்ச் மாதத் தாளையும் பெற்றோர் முன் அருகருகே வைத்தால், எந்தத் தரவரிசையும் சொல்லாததை அவை சொல்லிவிடும்.

கேள்வி கேட்டவர்

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உறையில் தாள்களைச் சேர்க்கும் யோசனையும், வேற்றுமை உருபு விளையாட்டும் எங்கள் வகுப்புக்கு உடனே பயன்படும். மதுரைப் பெற்றோர் எழுப்பிய கேள்வியை எங்கள் பள்ளிப் பெற்றோரும் நிச்சயம் கேட்பார்கள் என்பதால், முதல் கூட்டத்திலேயே ஒரு கதைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் திருத்தும் முறையை அவர்களிடம் விளக்கிவிட எண்ணுகிறேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பிள்ளைகள் எழுதியதை யார் படிப்பார்கள்? நான் மட்டுமே படித்தால் அது மீண்டும் வீட்டுப்பாடமாகிவிடாதா?

பதில்: அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்

மிகச் சரியான கேள்வி டீச்சர். நம் ஊர்களில் இளைஞர்கள் நடத்திவந்த கையெழுத்துப் பத்திரிகைதான் இதற்கு விடை. பெரிய செலவொன்றும் இல்லை. நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் பதினாறு பக்கங்கள் வந்துவிடும். வெளித்தாளின் ஒரு புறத்தில் ஒன்றாம் பக்கமும் பதினாறாம் பக்கமும், மறு புறத்தில் இரண்டும் பதினைந்தும் அமையும். எழுதுவதற்கு முன்பே வெற்றுத் தாள்களை மடித்துப் பக்க எண்களைப் பென்சிலால் குறித்துவிட்டால் குழப்பம் வராது. கறுப்பு மையில் எழுதினால்தான் ஜெராக்ஸில் தெளிவாக விழும்; நீல மை மங்கிவிடுகிறது.

ஆசிரியர் குழு, ஓவியர் குழு, படியெடுப்பவர் குழு என்று பிள்ளைகளைப் பிரித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையையும் ஆசிரியர் குழுவில் சேருங்கள். தன் பெயர் அட்டைக்குள் வருகிறது என்றால், அடுத்தவர் கதையை முழுவதும் படித்துப் பார்க்காமல் அந்தப் பிள்ளை விடாது. தெளிவான எழுத்துள்ளவர்கள் மட்டுமே படியெடுக்க வேண்டும் என்றும் வைக்காதீர்கள். ஒவ்வொருவர் பக்கமும் அவரவர் கையெழுத்திலேயே இருக்கட்டும், பத்திரிகைக்கு அழகே அதுதான்.

ஓவிய வகுப்புப் பிள்ளைகளிடம் அட்டைப்படத்தைக் கேளுங்கள். படிகளைத் தலைமையாசிரியர் அறை, சத்துணவுக் கூடம், பக்கத்து அங்கன்வாடி, ஊர்ப்புற நூலகம் ஆகிய இடங்களுக்கு அனுப்புங்கள். ஒரு படிக்குப் பள்ளி நூலகப் பதிவேட்டில் மற்ற நூல்களுக்குப் போலவே எண் கொடுத்துவிடுங்கள். வேண்டிய பிள்ளை கையொப்பமிட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.