மறு: இன்டர்டிசிப்ளினரி – துறையிடையா, ஊடுதுறையா?

அனைவருக்கும் வணக்கம். ‘இன்டர்டிசிப்ளினரி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒரு புதுச்சொல் வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘பல்துறை’ என்றுதான் எல்லாரும் புழங்குகிறோம். இதற்குப் போய்ப் புதுச்சொல் எதற்கு?

புழங்குகிறோம்தான். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி 1991இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் வழியே பல்கலைக்கழக மானியக் குழு பட்ட வகுப்புகளுக்குத் தந்த பாடத்திட்டத்தில் முதல் அலகே ‘பல்துறைத் தன்மை’யாகத்தான் இருந்தது. மல்டிடிசிப்ளினரி என்பதற்குப் பல்துறை சரி. (இலக்கணப்படி பஃறுறை என்று வர வேண்டும், பஃறுளி போல. பல் மருத்துவத் துறையோ என்று பிள்ளைகள் சிரிப்பதாவது நிற்கும்.) என் சிக்கல் இன்டர்டிசிப்ளினரியில்.

போன ஆண்டு நான்கு துறை மாணவர்களை ஒரத்துப்பாளையம் அணைக்குக் கூட்டிப்போனேன். பாசனத்துக்காக 1992இல் நொய்யல் ஆற்றில் கட்டிய அணை; கடைசியில் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் தொட்டியாகிப்போனது. வேதியியல் பெண் டிடிஎஸ் மீட்டரோடு (நீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கருவி) வந்தாள். பருத்தியில் சாயம் ஏற உப்புப் போடுகிறார்கள், அந்த உப்புத் துணியில் தங்காது, ஏறக்குறைய அத்தனையும் கழிவுநீரில் போய்விடும் என்று மற்றவர்களுக்கு விளக்கினாள். வணிகவியல் பையன் உப்பைத் திரும்ப எடுக்க ஆகும் செலவைக் கணக்குப் போட்டான். தமிழ் இலக்கிய மாணவி மட்டும் ஓர் ஆத்தாவின் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மொதல்ல எங்க எருமைதானுங்க கெணத்துத் தண்ணியக் குடிக்க மாட்டேனுருச்சு. அப்பறந்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.”

எந்த வருசமுங்க என்று கேட்டதற்கு, மகள் கல்யாணத்தை வைத்து விரல்விட்டு எண்ணிச் சொன்னார். இதைக் கேட்டதும் வேதியியல் பெண் தன் மாதிரி எடுக்கும் பட்டியலையே மாற்றினாள்: அணை நீரை விட்டுவிட்டு முதலில் அந்தக் கிணறு. வணிகவியல் பையன் எருமை விற்ற விலையைக் கேட்டு எழுதினான். ஆலையின் செலவு மட்டும் இருந்த கணக்கில் ஊரின் நட்டமும் ஏறியது.

ஒருவர் விடை அடுத்தவர் கேள்வியை மாற்றினால்தான் அது இன்டர்டிசிப்ளினரி. நாலு பேர் நாலு அறிக்கை எழுதி ஒரே ஸ்பைரல் பைண்டிங்கில் போட்டால் அது பல்துறை. (சட்டம் படிக்கும் பையன் அதைத்தான் செய்தான், தனியாக உட்கார்ந்து சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன 2011 உயர் நீதிமன்ற உத்தரவைப் பத்துப் பக்கம் எழுதினான்.)

> ‘துறையிடை’ போதாதா?

இரண்டு படித்துறைக்கு நடுவில் இருப்பது சேறு, ஐயா. அங்கே யாரும் இறங்க மாட்டார்கள். ‘இடைத்துறை’ என்றால் இடைநிலைப் பள்ளி நினைவு வருகிறது.

என் பரிந்துரை ‘ஊடுதுறை’. ஊடுபயிர் நமக்குத் தெரிந்த சொல். எங்கள் பக்கம் சோளத்துக்குள் தட்டைப்பயறு போடுவார்கள். பயறின் வேர் முடிச்சு காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவரும், நிலம் தேறும். தனித்தனி வயலில் இரண்டையும் போட்டால் அது பல்பயிர், அவ்வளவே. தறிக்காரர்களுக்கோ பாவும் ஊடையும் இருக்கவே இருக்கிறது.

> ஊடு என்றால் ஊடுருவலும் வருமே அம்மா. ஊடுகதிர் (எக்ஸ்ரே) போல ‘துளைத்துச் செல்லும்’ பொருள் வந்தால் அது டிரான்ஸ்டிசிப்ளினரி ஆகாதா?

நியாயமான கேள்வி. டிரான்ஸ்டிசிப்ளினரிக்குத் ‘துறைகடந்த’ என்பதை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அந்த ஆத்தாவுக்கு எந்தத் துறையும் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு எங்கே மாதிரி எடுப்பது என்று முடிவானது அவர் சொன்னதை வைத்துத்தான். அவரையும் ஆய்வில் ஓர் ஆளாகச் சேர்த்திருந்தால் அது துறைகடந்த ஆய்வு. நாங்கள் சேர்க்கவில்லை, கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

ஊடுருவல் வாடையை மறுக்கவில்லை. பக்கத்துத் துறைத் தலைவர் என் மாணவர்களைப் பற்றி அதே சொல்லைத்தான் சொன்னார்! ‘ஊடுதுறைப் பாடம்’, ‘ஊடுதுறை ஆய்வு’ இரண்டும் வாயில் நன்றாக வருகின்றன. ‘ஊடுதுறைமை’ வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு அறிக்கையின் அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன்.