ஊக்கால் குத்திய சொட்டு பாட்டில்

தேனிப்பக்கம்:
கண் புரை ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள். "மருந்து காலி, இன்னொண்ணு எழுதிக் குடுங்க" என்று பாட்டியைக் கூட்டிக்கொண்டு மகன் வந்து நின்றார். பாட்டிலைக் கவிழ்த்ததும், அமுக்காமலே மிச்சம் ஒழுகியது. நுனியில் ஊக்கால் குத்தி அகட்டிய ஓட்டை. மூடிக்குள்ளேயே முள் இருக்கு. மூடியைக் கடைசி வரை இறுக்கித் திருகினால் போதும், அளவான ஓட்டை விழும். அட்டையில் போட்டிருக்கிறான், எறும்பு எழுத்தில். புரை எடுத்த பாட்டி அதை எங்கே படிக்க! 5 மி.லி. பாட்டிலில் சுமார் 100 சொட்டு. ஒரு கண்ணுக்கு 6 வேளை என்றால் 16 நாள் வரணும். மருந்து போனது கிடக்கட்டும், காயம் ஆறாத கண்ணுக்கு அந்த ஊக்கின் அழுக்கும் சேர்ந்து போயிருக்கும்.

வார்டு சிஸ்டர்:
கை நடுங்குறவங்களுக்கு ஒரு சொட்டுன்னா ஆகாதுங்க. ஒரு தாத்தா புருவத்துல விட்டுட்டு, கன்னத்துல வழியுறதைத் துடைச்சுக்கிட்டே "போட்டாச்சும்மா"ன்னார். அதான் எல்லாருக்கும் ரெண்டு சொட்டுன்னே சொல்லிடறது.

லென்ஸ்மீட்டர்:
சிஸ்டர், தயவுசெய்து அப்படிச் சொல்லாதீங்க. ஒரு சொட்டையே கண் முழுசாகத் தாங்காது, மிச்சம் மூக்குக்குள்ளே இறங்கி ரத்தத்தில் கலக்கும். கண் அழுத்தத்துக்கு டிமோலால் விடும் ஒரு பெரியவர், மூச்சு இரைக்குது என்று நெஞ்சு டாக்டரிடம் அலைந்துகொண்டிருந்தார். என்னென்ன மருந்து என்று கேட்டதற்குச் சொட்டைச் சொல்லவே இல்லை. "அது மருந்தா? சொட்டுதானே!" ஆஸ்துமா இருந்தாலும் நாடித்துடிப்பு குறைவாக இருந்தாலும் டிமோலால் ஆபத்து.

நடுக்கத்துக்கு வழி படுக்க வைப்பதுதான். கீழ் இமையை இழுத்தால் பை மாதிரி வரும். பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றி, மேலே பார்க்கச் சொல்லி, ஒரே சொட்டு. நுனி இமையில் படக் கூடாது. கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் 2 நிமிஷம் அழுத்தணும். சிமிட்டினால் மருந்து வெளியே போயிடும். அடுத்த மருந்துக்கு 5 நிமிஷ இடைவெளி, களிம்பு இருந்தால் கடைசியில். ஆபரேஷனுக்குப் பின் கண் வீக்கத்துக்குக் கொடுக்கும், பால் மாதிரி இருக்கும் பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) சொட்டை நல்லாக் குலுக்கணும், இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கி, மேலே வெறும் தண்ணிதான் விழும். வலி இல்லை என்று அதைச் சட்டென நிறுத்தினால் கண் மறுபடி சிவக்கும். நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறலாம். சீட்டில் இருக்கிறபடி வாராவாரம் குறைக்கணும். திறந்த தேதியை பாட்டிலில் எழுதி வைங்க, ஒரு மாசத்தில் தூக்கிப் போடுங்க.

தேனிப்பக்கம்:
ரெண்டு மூணு பாட்டில் இருந்தால் ரப்பர் பேண்ட் மாட்டிக் கொடுக்கிறோம். ஒண்ணு போட்டது காலை, ரெண்டு போட்டது ராத்திரி. தடவியே கண்டுபிடிச்சுக்கிறாங்க.

கேம்ப் ரிஜிஸ்டர்:
சொட்டோடு சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிடறேன். ஆபரேஷனுக்கு முன்னாடி சர்க்கரை, பிரஷர் மாத்திரையை எல்லாரும் சொல்வாங்க. ஒண்ணுக்குப் போகிற தொந்தரவுக்குச் சாப்பிடும் டாம்சுலோசினைத் தாத்தாக்கள் வெட்கப்பட்டு மறைப்பாங்க. அந்த மாத்திரையால் ஆபரேஷனில் கண் பாப்பா சரியாக விரியாது, அதைச் சுற்றியிருக்கும் கருவிழித்திரை தொளதொளவென்று கருவிக்குள்ளே வந்து விழும். முன்னாடியே நிறுத்தியிருந்தாலும் முழுசாகச் சரியாகாது. டாக்டருக்கு முதலிலேயே தெரிந்தால் அதற்கு ஏற்பாடு செய்துகொள்வார். பொம்பளைங்க இருக்கிற வரிசையில் கேட்காதீங்க, தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்க.