அண்ணனின் 16 மி.மீ. படப்பெட்டியை ஓராண்டு நினைவு நாளில் ஓட்டலாமா?

நிபோங்_தங்கை:
வணக்கம். பினாங்கு, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் சனிக்கிழமை இரவுகளில் திரை கட்டிப் படம் காட்டியவர் எங்கள் அண்ணன். மற்ற நாள் மாலைகளில் அதே கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பாடம் எடுத்தார். லயமெல்லாம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) போய் வீடமைப்பு வந்துவிட்டது. கோயிலும் திடலும்தான் மிச்சம். ஓராண்டு நினைவுக்கு அன்னதானமும் பத்திரிகையில் நினைவஞ்சலியும் போட்டு முடித்துவிட மனமில்லை.

கையில் இருப்பவை: 16 மி.மீ. படப்பெட்டி (புரொஜெக்டர்) ஒன்று, 1600 அடி டப்பா 9, 400 அடி டப்பா 6 (மேலே அவர் கையெழுத்தில் "விளையாட்டு விழா", "தீமிதி"), பாடமும் குறள் ஒப்புவித்தலும் பதிந்த கேசட் நாற்பது சொச்சம். பெட்டியைத் திடலில் ஓட்டலாமா? கேசட்டுகளை எப்படிக் காப்பாற்றுவது? தமிழ்ப்பள்ளியில் அவர் பெயரில் பரிசு வைத்தால் நாலு வருஷத்தில் நின்றுபோகாமல் இருக்க என்ன வழி?

ரீல்பெட்டி:
ஆசையில் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள் தங்கச்சி. பல வருஷம் மின்சாரம் காணாத பெட்டியில் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், ரப்பர் பெல்ட் கருப்பட்டிப் பாகு மாதிரி இளகி ஒட்டியிருக்கும். பெட்டி பிறகு. முதலில் ஃபிலிம்.

டப்பாவை ஜன்னலோரம் வைத்துத் திறங்கள். வினிகர் நெடி அடித்தால் அசிடேட் ஃபிலிமின் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளியேறும் அமிலம் அந்த ரீலை மேலும் அரிக்கும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். நெடி அடிப்பவற்றை வேறு அறைக்கு மாற்றுங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணி வைக்கவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படத்தோடு வழிந்துவிடும். மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு முதலில் ஈரத்தை இறக்குங்கள்.

அடுத்து அளவு. நல்ல பிரிண்டில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு 7.62 மி.மீ. அப்படியானால் 100 இடைவெளி 762 மி.மீ. மேசையில் இழுக்காமல் படுக்க வைத்து, ஒரு மீட்டர் இரும்பு அடிக்கோலால் அளங்கள். தையல் டேப் நீளும், அது வேண்டாம். 756 வந்தால் 0.8 விழுக்காடு சுருக்கம், 754 வந்தால் 1 விழுக்காடு. 756க்குக் கீழே போனதைப் பெட்டியில் ஏற்றாதீர்கள். ஃபிலிமை இழுக்கும் நகம் துளையில் சரியாக இறங்காமல் வழிநெடுகக் கிழித்துக்கொண்டு போகும். ஒரு எச்சரிக்கை: 100 இடைவெளிக்கு 101 துளை எண்ண வேண்டும். 100 துளையோடு நிறுத்தினால் நல்ல ஃபிலிம்கூட 1 விழுக்காடு சுருங்கியதாகக் காட்டும்.

பெரிய டப்பாக்கள் சினிமாவாகத்தான் இருக்கும். நிமிஷத்துக்கு 36 அடி ஓடும், 1600 அடி என்றால் 44 நிமிஷம், ஆக இரண்டரை மணி நேரப் படத்துக்கு நாலு டப்பா. படம் முழுக்க ரோஸ் நிறமாகத் தெரிந்தால் அது விளக்கின் கோளாறல்ல, பழைய கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடும். அவற்றை ஸ்கேன் பண்ணிக் காசைக் கரைக்க வேண்டாம், இதைவிட நல்ல பிரதி வெளியில் இருக்க வாய்ப்புண்டு. அண்ணன் கையெழுத்துள்ள அந்த ஆறு சின்ன டப்பாதான் வேறெங்கும் கிடைக்காதது. இதே வேகத்தில் ஓடினால் ஒவ்வொன்றும் 11 நிமிஷம், மொத்தமே ஒரு மணி நேரம் சொச்சம்தான்.

சட்டப்புள்ளி:
ரீல் உங்களிடம் இருப்பதால் பொதுவில் காட்டும் உரிமை வந்துவிடாது. 1987 பதிப்புரிமைச் சட்டப்படி மலேசியாவில் திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டு. 1970ல் வந்த படத்துக்கு 2020 முடிவில் தீரும். ஆனால் பாட்டுக்கும் மெட்டுக்கும் தனிக்கணக்கு, எழுதியவர் மறைந்த பின் 50 ஆண்டு. அதற்கு மேல் 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி எல்பிஎஃப் (திரைப்படத் தணிக்கை வாரியம்) அனுமதி வேண்டும். குடும்பம் எடுத்த படத்துக்கும் எல்பிஎஃப்பிடமே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். திடல் எம்பிஎஸ்பி (செபராங் பிறை மாநகராட்சி) பொறுப்பில் இருந்தால் அங்கே ஒரு கடிதம், கோயில் நிலமானால் நிர்வாகத்திடம் ஒரு கடிதம். டப்பாவில் அரசின் படப்பிரிவாக இருந்த ஃபிலிம் நெகாராவின் முத்திரை இருந்தால் அது இரவலாக வந்ததாக இருக்கலாம். ஃபினாஸிடம் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

நிபோங்_தங்கை:
அளந்துவிட்டோம் ஐயா. பெரிய டப்பாவில் இரண்டு நெடி அடிக்கிறது, 753. சின்னவை எல்லாம் 759, 760. (முதலில் 752 வந்து பயந்தோம், 100 துளைதான் எண்ணியிருக்கிறோம்!) சின்ன ரீல்களில் துளையோரம் முழுக்கக் கறுப்பாக இருக்கிறது, இரண்டு பக்கமும் துளை. இது கெட்டுப்போனதா?

ரீல்பெட்டி:
கெடவில்லை. ஓரம் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் கேமராவுக்குள் ஓடிய அதே ரிவர்சல் ஃபிலிம், அதாவது கழுவியதும் தானே நேர்ப்படமாகிவிடுவது. நெகட்டிவ் என்று ஒன்று கிடையாது, உலகத்திலேயே ஒரு பிரதி. 760 என்பது கால் விழுக்காட்டுச் சுருக்கம்தான், பெட்டி தாங்கும். ஆனாலும் ஓட்டாதீர்கள் என்பதே என் கட்சி. பழைய பெட்டியின் கேட்டில் (விளக்குக்கு முன்னால் ஃபிலிம் நகரும் இடுக்கு) ஒட்டியிருக்கும் கடுகளவு அழுக்கு போதும், ரீல் முழுக்க ஒரு நெடுங்கோடு இழுத்துவிடும். அது அழியாது.

பல்சக்கரம் இல்லாமல் உருளையில் ஓட்டும் ஸ்கேனர் உள்ள இடமாகப் பார்த்துக் கொடுங்கள். இரு பக்கமும் துளை இருப்பதால் ஒலித்தடம் இல்லாத ஊமைப்படம். இவை பெரும்பாலும் நொடிக்கு 16 அல்லது 18 கட்டத்தில் எடுத்தவை. 24ல் மாற்றிக் கொடுத்தால் தீமிதிக்காரர்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள், அதனால் வேகத்தை முன்பே சொல்லிவிடுங்கள். சுவரில் படத்தை ஓட்டிக் கைப்பேசியில் பிடிக்கிற குறுக்குவழி வேண்டாம். ஷட்டரும் கேமராவும் ஒத்துப்போகாமல் திரை துடித்துக்கொண்டே இருக்கும்.

பெட்டிக்கும் வேலை உண்டு. மின்சாரம் கொடுக்கும் முன் கையால் திருப்பும் குமிழைச் சுற்றி நகம் இறங்கி ஏறுகிறதா பாருங்கள். பெல்ட் புதிதாக மாற்றுங்கள். கேட்டைப் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், கத்தி படக்கூடாது. விளக்கின் அடியில் பொறித்த எண்ணைப் படித்து அதையே வாங்குங்கள். 24 வோல்ட் 250 வாட் ஹாலஜன் பல பெட்டிகளில் உண்டு, எல்லாவற்றிலும் அல்ல. 110 வோல்ட் பெட்டியா என்பதையும் பின்தகட்டில் பாருங்கள், நம் 230-240 வோல்ட்டில் நேரே சொருகினால் புகைதான். அன்றிரவு வெற்று ஃபிலிம் 36 அடி ஏற்றி ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். கேட்டுக்கு மேலும் கீழும் ஃபிலிமைத் தளர்வாக வளையம் விட மறக்காதீர்கள், கீழ் வளையம் தொலைந்தால் படம் குதிக்கும். அந்தக் கடகடச் சத்தத்தையும் வெள்ளை வெளிச்சத்தையும் கூட்டம் பார்க்கட்டும். பிறகு வீடியோவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மைக்செட்:
கேசட்: முதல் வேலை, முதுகில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைப்பது. தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது. நாடா அழுத்தப் பஞ்சு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கி ஏறி இறங்கும். திருகு போட்ட வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றுங்கள். ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகே பதிவு. ஒவ்வொரு கேசட்டுக்கும் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட் பக்கத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி "ச", "ஸ" கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பலர் விடுவது இதைத்தான். பிற்பாடு எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. மணிக்கு ஒரு ஜிபி. இரைச்சல் நீக்கியது தனிப்பிரதி, மூலத்தைத் தொடாதீர்கள்.

திரை 4 மீட்டர் அகலம், 2.25 உயரம் போதும். வீடியோ புரொஜெக்டருக்குக் கும்மிருட்டில் 1500 லூமன் வெளிச்சம் போதும், வீடமைப்பில் தெருவிளக்கு உண்டே, 4000க்குக் குறையாமல் வாடகைக்கு எடுங்கள். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். துணியை விறைப்பாகக் கட்டினால் காற்றுக்குப் பாய்மரமாகிக் கம்பத்தோடு சாயும், இழுபடும் ரப்பர் கயிற்றில் கட்டுங்கள். பினாங்கில் சூரியன் மறைய மாதத்துக்கேற்ப 7.00 முதல் 7.45 வரை ஆகும், அரை மணி கழித்துத் தொடங்குங்கள். பக்கத்தில் சூராவ் (சிறு தொழுகை இல்லம்) இருந்தால் அன்றைய இஷா (இரவுத் தொழுகை) நேரத்தைப் பார்த்து, பாங்கு முடியும் வரை ஒலியை நிறுத்துங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், மண்டபத்துக்குள் மாற்றத் தயாராக இருங்கள்.

பாடசாலை_அக்கா:
பரிசு பற்றி. தேர்வோடு கட்டாதீர்கள். ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021ல் ஒழிந்தது, மூன்றாம் படிவத் தேர்வான பிடி3 அடுத்த ஆண்டே போனது. அவற்றின் பெயரில் எழுதிய பரிசுகளுக்கெல்லாம் அடிப்படையே இல்லாமல் போயிற்று. அண்ணன் செய்ததைப் பார்த்து விதியை எழுதுங்கள்: நாலாம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளில் கதை சொல்வது, உரக்க வாசிப்பது. முதலிடக்காரருக்கு ஏற்கெனவே நாலு கோப்பை இருக்கும், அவருக்கு ஐந்தாவது எதற்கு?

10,000 வெள்ளியை (ரிங்கிட்) வங்கி வைப்பில் போட்டால் 3 விழுக்காட்டில் ஆண்டுக்கு 300 வெள்ளி, ஆறு பிள்ளைக்குத் தலா 50 வெள்ளிக்கு நூல். முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் நடத்துங்கள், குடும்பத்தில் இருவர் கையெழுத்து. தலைமையாசிரியரிடம் ரொக்கமாகக் கொடுக்காமல் பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) வழியாக, ரசீதோடு. கடிதத்தில் மூன்று வரி கட்டாயம்: யார் தேர்ந்தெடுப்பார், எதை வைத்து, பள்ளி இடம் மாறினால் பரிசு எங்கே போகும். தோட்டத்துப் பள்ளிகள் இடம் மாறுவது நமக்குப் புதிதா என்ன.

ரீல்பெட்டி:
ஒன்று விட்டுப்போச்சு. ஊமைப்படம் ஓடும்போது வயதானவர் இருவர் கையில் மைக்கைக் கொடுத்து, திரையில் வருபவர் யார், எந்த லயம் என்று சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் பேச்சை ஒலிக்கலவைப் பெட்டியிலிருந்து (மிக்சர்) நேராக ஒரு ரெக்கார்டரில் ஏற்றுங்கள், படம் தொடங்கும்போது ஒருமுறை கைதட்டுங்கள். மறுநாள் அந்தத் தட்டலை வைத்துப் படத்தோடு பொருத்திவிடலாம்.