கலைச்சொல் வேண்டும்: ‘ஹாஃப் பேக் ஃபிளாங்க்’ (அவசரம், பிள்ளைகளுக்கான விவாதத் தாள் வெள்ளி இரவு அச்சுக்குப் போகிறது)

டான்டினோங் ஆசிரியை எழுதியது:

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விவாதம் வைக்கிறேன். தலைப்பு அவர்களே கேட்டு வாங்கியது: ஆஸ்திரேலிய உதைபந்தாட்ட (ஏ.எஃப்.எல்.) வீரர் ஜாக் வாட்ஸ் எந்த இடத்தில் ஆடியிருக்க வேண்டும்?

விக்டோரியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சுருக்கம். கழகங்கள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் 2008 தெரிவில், எல்லாருக்கும் முதலாவது ஆளாக மெல்பேர்ண் கழகம் எடுத்த பொடியன் இவர். 2009 ஜூனில், மகாராணியின் பிறந்தநாள் ஆட்டத்தில், கொலிங்வுட்டுக்கு எதிராக எம்.சி.ஜி. மைதானத்தில் அறிமுகம். பந்து கைக்கு வந்ததும் எதிரணிக்காரர் சேர்ந்து விழுந்து அமுக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு மெல்பேர்ணில் இருந்த காலம் முழுக்க ‘எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை’ என்ற பேச்சுத்தான். முன்களத்தில் விட்டார்கள், பின்களத்துக்கு அனுப்பினார்கள், நடுவில் நிறுத்தினார்கள், 2017இல், நடுவர் மேலே எழுப்பும் பந்துக்குத் தாவித் தட்டும் ‘ரக்’ வேலைகூடக் கொடுத்தார்கள். அந்த வருட முடிவில் போர்ட் அடிலெய்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

சிக்கல் சொல்லில் இருக்கிறது. முன்களம், நடுக்களம், பின்களம் என்ற மூன்றும் சாதாரண உதைபந்தாட்டத்துக்குப் போதும். இந்த ஆட்டத்துக்குக் காணாது. மும்மூன்று பேராக ஐந்து வரிசை, பந்தோடு திரியும் மூவர் (ரக், ரக் ரோவர், ரோவர்), ஆக 18 பேர். பிள்ளைகளில் பாதிப்பேர் வாட்ஸை ஹாஃப் பேக் ஃபிளாங்க்கில், அதாவது நம் கோலிலிருந்து இரண்டாவது வரிசையின் பக்கவாட்டில், விட்டிருக்க வேண்டும் என்று வாதாடப்போகிறார்கள். அந்த இடத்துக்குத் தமிழில் என்ன சொல்ல? ‘அரைப் பின்புறம்’ என்று ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வந்து, வகுப்பே ஐந்து நிமிடம் சிரித்தது.

கோவைப் பேராசிரியர் எழுதியது:

அம்மா, நல்ல முயற்சி. விளையாட்டுக் களத்துக்கும் போர்க்களத்துக்கும் தமிழில் சொல் ஒன்றுதான் என்பதால், படை வகுப்பிலிருந்தே தொடங்கலாம். முன்னால் செல்லும் படை தூசி; தார் என்றும் சொல்வோம். பின்னணி கூழை. பக்கத்துக்கு மருங்கு, புடை, சிறை, கை என நான்கு சொற்கள் உண்டு. சிறை என்றால் சிறகு என்பதுதான் பழைய பொருள். இன்று சிறைச்சாலை நினைவுக்கு வரும் என்பதால் தவிர்க்கலாம். ஆகவே ஹாஃப் பேக் ஃபிளாங்க் ‘கூழை மருங்கு’, எதிரணிக் கோலுக்கு நேர் முன்னால் நிற்கும் ஃபுல் ஃபார்வர்ட் ‘தூசித் தலை’.

தங்கள் மாணவர்களின் விவாதமே வள்ளுவர் ‘இடனறிதல்’ என்று ஓர் அதிகாரம் முழுக்கப் பேசியதுதான். வேல் வீரரை எதிர்த்து நின்ற களிறு, கால் ஆழும் களரில் சிக்கினால் நரி கொன்றுவிடும். யானை அதே யானைதான். நிற்கும் நிலம் மாறிவிட்டது. இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கிளேட்டன் தம்பி எழுதியது:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். தூசி என்றால் இங்கே பிள்ளைகளுக்கு அலமாரி மேல் படிந்திருப்பதுதான் தெரியும். கூழை என்றதும் எனக்கே கூழைக்கும்பிடுதான் நினைவுக்கு வருகிறது. பேசாமல் ‘ஹாஃப் பேக்’ என்று தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம். மதுரையில் கிரிக்கெட் ஆடும்போது ‘மிட் ஆன்ல நில்லுடா’ என்றுதான் சொல்வோம், யாரும் குறைந்துபோகவில்லை.

வாட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கே உள்ளூர்க் கழகத்தில் ஆடுகிறேன், அதனால் சொல்கிறேன். முன்களத்தில் நெட்டையான ஆளின் வேலை என்னவென்று கிட்ட நின்று பார்த்தால்தான் தெரியும். உதைப்பவனை நோக்கி ஓடி வர வேண்டும். பின்னால் ஒருத்தன் மூச்சு விடும் தூரத்தில் ஒட்டிக்கொண்டே வருவான். பந்து வரும் நொடியில் அவன் முஷ்டி உங்கள் காதை உரசிக்கொண்டு போய்ப் பந்தைத் தட்டிவிடும். கண் பந்தில், முதுகு எதிராளியிடம், கோல் கம்பம் பின்னால் எங்கேயோ. பின்களப் பக்கவாட்டில் இது தலைகீழ். மைதானம் முழுக்க முகத்துக்கு நேரே விரிந்திருக்கும். எதிரணி அவசரத்தில் உதைத்த பந்து உங்களைத் தேடி வரும். நிதானமாகப் பிடித்து, யார் சும்மா நிற்கிறான் என்று பார்த்து உதைக்கலாம். வாட்ஸின் பலம் அந்த உதைதான், ஆட்டத்தைப் படிக்கும் கண்தான். மல்லுக்கட்டு அவருக்கு வராது. 2012இல் பின்னால் அனுப்பியபோது கொஞ்சம் மூச்சு விட்டு ஆடினாரே!

செயின்ட் கில்டாவின் ஜாக் சின்க்ளேரைப் பாருங்கள். குட்டி முன்கள வீரராக வந்தவர். பின்களப் பக்கவாட்டுக்கு மாற்றிய பிறகு 2022, 2023 இரண்டு ஆண்டும் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் (அந்தந்த ஆண்டின் சிறந்த வீரர்களின் பட்டியல்) இடம் பிடித்தார்.

டொரொன்டோ அண்ணன் எழுதியது:

தம்பி மிட் ஆனோடு நிற்கிறார். நான் ஊரில் கிளித்தட்டு விளையாடி வளர்ந்தவன். அங்கே கோட்டை மறிப்பவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் கோட்டை விட்டு அசைய முடியாது. ஒரே ஒருவர்தான் நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடித் திரிவார். அவர்தான் கிளி. ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்கிய களத்தில் ஒருவருக்கு மட்டும் திரியும் உரிமை! ரோவர் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எங்கே கிடைக்கும்? ‘கிளி’ என்று எழுதுங்கள் தங்கச்சி. அதற்குப் படையும் வேண்டாம், நிகண்டும் வேண்டாம்.

இன்னுமொன்று. கால்பந்தா உதைபந்தா என்று இங்கே முன்பு ஒரு மாதம் சண்டை பிடித்தோம். இந்த ஆட்டத்தில் முஷ்டியால் குத்தியும் பந்தைக் கொடுப்பார்கள், எட்டிக் கையாலும் பிடிப்பார்கள். இரண்டு பெயரும் பொருந்தாது.

கிளேட்டன் தம்பி எழுதியது:

அண்ணா, கிளி அருமை. ஆனால் ரக் ரோவர் என்று இன்னொருவர் இருக்கிறாரே, அவர் யார்? அந்த இடம் பிறந்த கதையே இந்த விவாதத்துக்கு வேண்டியது. 1950களில் மெல்பேர்ண் அணியில் ரான் பராசி ரக் ஆட உயரம் போதாதவர். ரோவருக்கு ஆள் பெரிது. ஆரம்பத்தில் எந்த இடத்திலும் ஒட்டவில்லை. பயிற்சியாளர் நார்ம் ஸ்மித் அவரை ரக்குக்குத் துணையாக நிறுத்தி, ரோவர் போலத் திரியவும் விட்டார். அந்த இடம் அவரால்தான் பேர் பெற்றது. ஒருத்தன் சோபிக்கவில்லை என்றால், இருக்கிற இடங்களில் எதில் போடலாம் என்று மட்டும் பார்த்தால் போதாது.

சிட்னி அக்கா எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் ஒரு விஷயத்தைக் கலந்துவிடுகிறீர்கள். நாம் தேடுவது இடத்துக்குப் பெயரா, ஆளுக்குப் பெயரா, வேலைக்குப் பெயரா?

நான் இடத்துக்குத்தான் பெயர் வைப்பேன். ஆள் பெயர் தானாக வந்துவிடும். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். இடவாகுபெயர் என்று ஏழாம் வகுப்பில் படித்ததுதானே! தம்பி சொன்ன மிட் ஆனும் அப்படித்தான் இடமாகவும் ஆளாகவும் இருக்கிறது. இதை விட்டுவிட்டு ‘காப்பாளர்’, ‘தாக்குநர்’ என்று வேலையைச் சொல்லும் பெயர் வைத்தால், பெயரே ஆளைக் கட்டிப்போட்டுவிடும். வாட்ஸுக்கு நடந்தது அதுதான் என்பேன். முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்ட நெட்டையன் என்றால் கோல் அடிப்பவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதே ஆண்டு இரண்டாவதாக எடுக்கப்பட்ட நிக் நைடனூயி வெஸ்ட் கோஸ்ட்டில் ரக்கில் தாவியதைக் காட்டிக் காட்டி இவரை அளந்தார்கள். மெல்பேர்ணில் வாட்ஸ் இருந்த காலத்தில், இடைக்காலப் பயிற்சியாளர்களையும் சேர்த்தால், ஆறு பேர் மாறினார்கள். 2011இல் ஜீலாங்கிடம் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணி அது. எந்த இடத்திலாவது ஒரு பையனை வேர் விட விட்டார்களா?

என் பட்டியல் இது. நம் கோல் பக்கமிருந்து ஐந்து வரிசை: கடை, பின்னிடை, நடு, முன்னிடை, முனை. இரு பக்கமும் ஓரம். கோலுக்கு அருகே உள்ள பாக்கெட் மட்டும் மூலை. ஆக ஹாஃப் பேக் ஃபிளாங்க் ‘பின்னிடை ஓரம்’, விங் ‘நடு ஓரம்’, ஃபார்வர்ட் பாக்கெட் ‘முனை மூலை’. முதல், இடை, கடை என்று பிரிப்பது நமக்குப் புதிதல்ல. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், அதனால் பின் + இடை பின்னிடை. பிள்ளைகளுக்குப் புணர்ச்சிப் பாடமும் ஆச்சு.

கோவைப் பேராசிரியர் எழுதியது:

அமைப்பு அழகாக இருக்கிறது. எனக்கு இரண்டு தடைகள். ‘பின்னிடை’ என்றதும் பின்னிடுதல் என்ற வினை வந்து நிற்கிறது. பின்னிடுதல் தோற்று விலகுதல். அதன் பக்கத்திலேயே பின்னடைவு. ஏற்கெனவே ஆட்டம் சரியாக அமையாத ஓர் இளைஞனை ‘பின்னிடைக்குப் போ’ என்று அனுப்புவது நல்ல வாக்கா?

அடுத்தது ‘கடை’. மாணவர்கள் ‘கடைக்காரர்’ என்பார்கள்.

இடை என்றால் இடுப்பு என்று யாரேனும் மறுப்பு எழுதக்கூடும். அதில் பொருளில்லை. அரைக்கும் இடுப்பு என்ற பொருள் உண்டு, அரைஞாண் அங்கிருந்துதான் வந்தது. மருங்குக்கும் உண்டு, மருங்குல் என்றால் இடைதான். உடம்பின் பாதி எங்கே முடிகிறதோ அந்த இடத்தின் பெயரையே பாதிக்கும் நடுவுக்கும் வைத்தவர்கள் நாம். ‘நடு’வும் இப்படியே. நடுவு நிலைமை என்னும்போது அது அறத்துக்கே பெயராகிவிடுகிறது. இடுப்புக்கு இன்னொரு பழஞ்சொல்லான நுசுப்பையும் இங்கே ஆராயலாம்…

டொரொன்டோ அண்ணன் எழுதியது:

ஐயா, நுசுப்பைப் பிறகு ஆராய்வோம். தங்கச்சிக்கு நாளை இரவு அச்சு.

எனக்கு ‘பின்னிடை ஓரம்’ சரி. கிளியை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கிளேட்டன் தம்பி எழுதியது:

அக்காவின் பட்டியலுக்கு என் ஆதரவு, ஒரு திருத்தத்தோடு. 2019 முதல் நடுப்பந்து எறியும்போது ஒவ்வோர் அணியும் பின்னால் ஆறு, நடுவில் ஆறு, முன்னால் ஆறு என்று நிற்க வேண்டும். பந்து எழும்பிய பிறகு யாரும் எங்கும் போகலாம், ஆஃப்சைட் கிடையாது. அதனால் இந்தப் பெயர்கள் தொடக்க நிலைக்கு மட்டும்தான் என்று தாளில் ஒரு வரி போடுங்கள் டீச்சர். இல்லாவிட்டால் வாட்ஸ் எதிரணிக் கோல் பக்கம் வரக்கூடாது என்று பிள்ளைகள் வாதாடுவார்கள்.

இன்னொரு யோசனையும் உண்டு. வாட்ஸை நடு ஓரத்தில் விட்டிருக்கலாம் என்று ஒரு தரப்பு வைக்கலாம். ஓட்டம் நிறைய, உரசல் கொஞ்சம். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. நடு ஓரத்தில் நாள் முழுக்க மேலும் கீழும் ஓட வேண்டும், அதற்குத் தனி உடம்பு வேண்டும். பின்னிடை ஓரத்திலும் ஆபத்து உண்டு. எதிரணியின் குட்டி வீரன் ஒருத்தன் கையை விட்டு நழுவினால் நேரே கோல், ஆறு புள்ளி. முன்னால் செய்த தவறு மறந்துபோகும், பின்னால் செய்தது பலகையில் ஏறும்.

2017 பிறந்தநாள் ஆட்டத்தையும் அவர்கள் மறக்கக் கூடாது. அதே கொலிங்வுட், அதே மைதானம். கடைசி நேரத்தில் அவர் அடித்த கோலில்தான் மெல்பேர்ண் நான்கு புள்ளியில் வென்றது. அன்று அவர் அடித்தது முன்னால் நின்று. அதனால் பின்களத் தரப்புக்கு இது லேசான வழக்கு இல்லை.

டான்டினோங் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இப்படி முடித்துவிட்டேன். பின்னிடை ஓரம், முன்னிடை ஓரம், நடு ஓரம், முனை மூலை ஆகியவை தாளில் ஏறிவிட்டன. பேராசிரியர் ஐயாவின் தடைக்காக ‘கடை’யை எடுத்துவிட்டு ‘காப்பு வரிசை’ என்று போட்டிருக்கிறேன். ரக், ரக் ரோவர் இரண்டும் அப்படியே. ரோவருக்குப் பக்கத்தில் அண்ணாவுக்காக ‘கிளி’யும் உண்டு; கிளித்தட்டு என்ன என்று பெற்றோரிடம் கேட்டு வரச் சொல்லப்போகிறேன்.

பெரிய வெண்பலகையில் முட்டை வடிவ மைதானம் வரைந்து, 18 காந்தப் பொட்டும் எடுத்துவைத்திருக்கிறேன். வாட்ஸின் பொட்டு மட்டும் சிவப்பு. வாதாடுகிற பிள்ளை அதை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். ‘அவருக்கு ஏற்ற இடம் எதுவுமில்லை’ என்ற தரப்பை நான் அனுமதிக்கவில்லை. பராசியின் கதையைச் சொல்லி, வேண்டுமானால் புதிதாக ஓர் இடத்தை உண்டாக்கி அதற்கும் தமிழில் பெயர் வையுங்கள் என்று விட்டிருக்கிறேன்.

சிட்னி அக்கா எழுதியது:

‘காப்பு’ தொழிலைச் சொல்கிறது, இடத்தை அல்ல. மற்ற நாலு வரிசையும் இடப்பெயர். கலந்துவிட்டீர்கள். பரவாயில்லை, அச்சடியுங்கள். அடுத்த ஆண்டு பதிப்பில் மாற்றலாம்.

கோவைப் பேராசிரியர் எழுதியது:

பெரும்பான்மை முடிவை ஏற்கிறேன். ‘ஓர’த்துக்கு எதிராக ‘மருங்கு’ என்ற என் ஒற்றை வாக்கைப் பதிவு செய்துகொள்ளவும். ஓரம் என்பது விளிம்பு. ஒதுக்கப்பட்டவன் நிற்கும் இடம். மருங்கு என்றால் உடனிருப்பது, பக்கத்தில் நிற்பது. ஒரு வீரனை இடம் மாற்றும்போது அவன் காதில் விழப்போகும் சொல் அது என்பதால் இதை வற்புறுத்துகிறேன். நுசுப்பு பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.