ஈரோட்டில் இறங்கி ஏறிய மூட்டைகள்: ஒருவர் பாதையில் இன்னொருவர் வண்டி ஓடிய அனுபவங்கள்

ஈரோட்டிலிருந்து, ஓய்வுபெற்ற சரக்கு எழுத்தர்:

எழுபதுகளின் இறுதியில் போத்தனூரில் கூட்ஸ் கிளார்க்காகப் பணியில் சேர்ந்தேன். பொள்ளாச்சியிலிருந்து மீட்டர் பாதையில் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டரே அகலமுள்ள குறுகிய பாதை) வந்த தேங்காய், கொப்பரை மூட்டைகளைச் சுமைப்பணியாளர்கள் முதுகில் தூக்கி, எதிரே நின்ற அகலப்பாதை வேகனுக்கு மாற்றும்போது அவற்றை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவதே என் முதல் வேலை. கணக்கு உதைத்துத் திரும்ப எண்ண நேர்ந்த ஒரு மதியம் நான் முணுமுணுத்ததைக் கேட்ட மூத்த எழுத்தர், "ஏனுங்க தம்பி, இதுக்கே இப்படிச் சலிச்சுக்கறீங்க? ஈரோட்டுல ஐம்பது வருசம் இதேதானுங்க நடந்துச்சு" என்றார். அவர் சொன்னதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு படிக்கப் படிக்கத்தான் அதன் ஆழம் விளங்கிற்று.

மதராஸ் ரயில்வே 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கி, சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக 1862இல் மேற்குக் கடற்கரையில் பேப்பூரை எட்டியது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற மற்றொரு நிறுவனம் நாகப்பட்டினத்தில் தொடங்கி, திருச்சியையும் கரூரையும் கடந்து 1868இல் ஈரோட்டில் முதல் நிறுவனத்தின் பாதையைத் தொட்டது. ஈரோட்டில் ஏற்றும் பஞ்சு இனிச் சென்னைக்கும் போகலாம், நாகைக்கும் போகலாம் என்றாகிவிட்டபின் இருவருக்கும் போட்டி வராமல் இருக்குமா? ஆனாலும் இருவர் பாதையும் ஐந்தரை அடி அகலம் என்பதால், ஒருவர் வேகனை மற்றவர் வாங்கி இழுத்துச் செல்லத் தடையேதும் இருக்கவில்லை.

அந்த வசதி ஏறக்குறைய பத்தாண்டுதான் நீடித்தது. சிக்கனம் கருதி 1870இல் இந்திய அரசு மீட்டர் பாதையைத் தேர்ந்தெடுத்தது. 1874இல் தென்னிந்திய ரயில்வேயாக உருமாறிய இரண்டாம் நிறுவனம், எழுபதுகள் முடிவதற்குள் திருச்சி - ஈரோடு பாதையைப் பெயர்த்துக் குறுக்கிவிட்டது. அன்றுமுதல் ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு மாற வேண்டிய சரக்கெல்லாம் ஈரோட்டில் இறங்கி ஏறியது.

எனக்கு இன்றும் வியப்பூட்டுவது இதற்குப் பின் நடந்ததுதான். 1907 முடிவில் மதராஸ் ரயில்வேயின் ஒப்பந்தம் முடிந்து, அரசு அதன் பாதைகளைப் பிரித்துக் கொடுத்தபோது, சென்னை முதல் ஜோலார்பேட்டை வரை மதராஸ் அண்டு சதர்ன் மராத்தா ரயில்வேக்கும், ஜோலார்பேட்டைக்கு மேற்கே மங்களூர் வரை தென்னிந்திய ரயில்வேக்கும் போயின. அதாவது 1908இல் ஈரோட்டில் சந்தித்த இரண்டு பாதைகளுக்கும் முதலாளி ஒருவரே, போட்டி தீர்ந்தது. மூட்டை இறங்கி ஏறுவது மட்டும் தீரவில்லை. இருபதுகளின் இறுதியில் கரூர்ப் பாதையை மறுபடி அகலப்படுத்திய பிறகே அது நின்றது. அதே பிரிவினையால் நம் பக்கத்துப் பயணி, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் நிலையத்தில் வண்டி ஏறி, அந்நிறுவனத்தின் எழும்பூரில் இறங்காமல், அடுத்த நிறுவனத்தின் சென்ட்ரலில் போய் இறங்கினார். நாம் இன்றும் பெரும்பாலும் சென்ட்ரலில்தான் இறங்குகிறோம்.

திருப்பூரிலிருந்து, பின்னலாடை வணிகர்:

ஐயா எழுதியதைப் படித்ததும் லண்டன் நினைவுக்கு வந்தது. ஆடை வாங்குவோரைச் சந்திக்கச் சென்றபோது, கிங்ஸ் கிராஸ், செயின்ட் பாங்கிராஸ் என்ற இரண்டு பெரிய நிலையங்கள் ஒரே தெருவின் இரு பக்கங்களில் நிற்பதைக் கண்டு, ஒரே ஊருக்குள் இது என்ன வீண்செலவு என்று உடன் வந்த முகவரிடம் கேட்டேன். அவர் சொன்ன காரணம், ஒரே சாயப்பட்டறையை இரண்டு கம்பெனிகள் பகிர்ந்துகொண்ட எங்கள் ஊர்க் கதை போலவே இருந்தது. மிட்லண்ட் ரயில்வேக்கு லண்டனுக்குள் சொந்தப் பாதை இல்லாததால், 1858 முதல் ஹிட்சின் என்ற ஊரிலிருந்து கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் பாதையில், சொந்த எஞ்சினையும் ஆட்களையும் கொண்டு, கட்டணம் செலுத்திக் கிங்ஸ் கிராஸ் வரை வண்டி ஓட்டியது. பாதைக்காரர் தம் வண்டியைத்தானே முதலில் விடுவார்? 1862இல் லண்டனில் பெரும் பொருட்காட்சி நடந்து நெரிசல் முற்றியபோது, மிட்லண்டின் வண்டிகள் வழியில் காத்துக் கிடந்தன. நிலக்கரி வேகன்களை நிறுத்தவும் இடமில்லாமல் போயிற்று. பொறுத்துப் பார்த்த மிட்லண்ட் தனிப்பாதை போட்டு 1868இல் செயின்ட் பாங்கிராஸைத் திறந்தது. எங்கள் ஊரிலும் அடுத்தவர் பட்டறையில் முறை வைத்துக் காத்திருந்து நொந்தவர்தான் அடுத்த ஆண்டு சொந்தப் பட்டறை வைப்பார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து, பள்ளி ஆசிரியர்:

லண்டனில் நடந்தது வண்டியும் ஆளும் வந்து, பாதை மட்டும் வாடகைக்குக் கிடைத்த முறை. எங்கள் ஊரில் நடந்தது அதன் மறுபுறம். 1899இல் குன்னூர் வரை திறந்த மலைப்பாதை நீலகிரி ரயில்வே நிறுவனத்துடையது. அதில் வண்டி ஓட்டியது மதராஸ் ரயில்வே. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு விளைச்சலில் பங்கு கேட்பது போன்ற ஏற்பாடு என்று என் அப்புச்சி விளக்குவார். 1903இல் அரசே அந்தப் பாதையை விலைக்கு வாங்கியது. என் மாணவர்களை மலை ரயிலுக்கு அழைத்துச் சென்றபோது, "பாதை ஒருவருடையது, வண்டி ஒருவருடையது என்றால், விபத்து நடந்தால் யார் பொறுப்பு, ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அத்தகைய ஒப்பந்தங்களில் வக்கீல்கள் மிகுதியாக எழுதிய பகுதி அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று சொல்லித் தப்பித்தேன்.

கோவையிலிருந்து, இல்லத்தரசி:

இதெல்லாம் வெள்ளைக்காரர் காலத்தோடு போயிற்று என்று யாரும் எண்ண வேண்டாம். 2022 ஜூன் 14 அன்று கோவை வடக்கு நிலையத்திலிருந்து ஷீரடிக்குப் புறப்பட்ட முதல் பாரத் கௌரவ் ரயில், ஒரு தனியார் நிறுவனம் பெட்டிகளைக் குத்தகைக்கு எடுத்து, ரயில்வேக்குக் கட்டணம் செலுத்தி நடத்தியது. பிறகு அதே வகை ரயில் ஒன்றில் நானும் என் நாத்தனாரும் சென்றோம். உணவு கொண்டுவந்த தம்பிகளும் பெட்டியைத் துடைத்தவர்களும் ரயிலை நடத்திய தனியார் நிறுவனத்தின் ஆட்கள். எஞ்சினை ஓட்டியவரும் கார்டும் ரயில்வே ஊழியர்கள். நள்ளிரவில் ஒரு சந்திப்பில் நெடுநேரம் நின்றுவிட்டோம். தண்ணீர் வரவில்லை என்று என் நாத்தனார் பெட்டியில் இருந்த பையனிடம் முறையிட்டபோது அவன் நடைமேடையைக் காட்டினான். நடைமேடையில் நின்ற அதிகாரி பெட்டியைக் காட்டினார்.

ஈரோட்டிலிருந்து, மீண்டும்:

அம்மா, உங்களுக்காவது கை காட்ட இரண்டு பேர் நேரில் நின்றார்கள். போத்தனூரில் எங்கள் பதிவேட்டில் "எண்ணிக்கை குறைவு" என்று எழுதுவதற்குத் தனிப் பத்தியே இருந்தது. மீட்டர் பாதையில் குறைந்ததா, அகலப்பாதையில் குறைந்ததா என்று கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதியே ஒரு மாதம் ஓடிவிடும், அப்போது இரண்டும் ஒரே தெற்கு ரயில்வேயாக இருந்தும்.